பந்தயம் கட்டிய வானநூல் நிபுணர்

அன்னம் என்று வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. அந்தத் திசையிலிருந்து ஓயாமல் ரேடியோ அலைகள் வந்தன. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் இரைச்சல்!

அனுப்புவது எது? யாருக்கும் தெரியவில்லை.

அந்த இடத்தைப் படம் பிடித்துக் காட்டியவர் வால்ட்டர் பாடே.

இவர் 1893-ம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பாடேக்குப் பிறவியிலேயே இடுப்பில் குறை. நொண்டித்தான் நடப்பார். 1931-ல் அமெரிக்கா சென்று, மவுண்ட் வில்சன் வான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

உலகப் போர் மூண்டது. பாடே பகைநாட்டுக்காரர் ஆனார்! மற்ற விஞ்ஞானிகள் போர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவரை அதில் சேர்க்கவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. 100 அங்குல டெலஸ்கோப் அவர் கைக்கு வந்தது. மலையடிவாரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கணைப்பில் இருண்டு கிடந்தது. அந்த இருட்டில், ஆந்திரோமீடா மண்டலத்தின் நடுவே இருக்கும் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் படம் பிடித்துவிட்டார்.

பிறகுதான் அன்னத்தின் கதை.

ரேடியோ அலை வரும் இடத்தை 1951-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி கிரஹாம் ஸ்மித் துல்லியமாகக் கணக்கிட்டு அனுப்பினார். பாடே 200 அங்குல டெலஸ்கோப்பை அங்கே திருப்பினார். ஒன்றையொன்று தொட்டபடி இரண்டு ஒளித் திட்டுகள் தெரிந்தன!

இரண்டு நட்சத்திர மண்டலங்கள் மோதுகின்றன என்றார் பாடே. நண்பர் மின்கோவ்ஸ்கி நம்பவில்லை. ஒரு புட்டி விஸ்கி பந்தயம்! ஒளியைப் பிரித்துப் பார்த்தால், கொதிக்கும் வாயுவின் அடையாளக் கோடுகள் தெரிய வேண்டும். மின்கோவ்ஸ்கியே சோதித்தார். கோடுகள் இருந்தன. தோற்றவர் கொண்டுவந்தது சின்னப் புட்டி. சில நாளில் அவரே வந்து அதையும் குடித்துத் தீர்த்துவிட்டாராம்!

பாடே 1959-ல் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டே காலமானார்.

வாயு இருந்தது உண்மை. மோதல்தான் உண்மையல்ல. அங்கே இருப்பது ஒரே மண்டலம். குறுக்கே கிடக்கும் தூசி அதை இரண்டாகக் காட்டிற்று. அதன் நடுவில் சுமார் 250 கோடி சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. அதை நோக்கி வாயு விழுகிறது. ஒரு பகுதி உள்ளே போகாமல், இரு பக்கமும் பயங்கர வேகத்தில் பீறிட்டு அடிக்கிறது. ரேடியோ இரைச்சல் அதிலிருந்து வருவதுதான். அது இரு பக்கமும் பிரிந்திருப்பதை 1953-ல் ஜென்னிசனும், நம் நாட்டு விஞ்ஞானி தாஸ் குப்தாவும் கண்டார்கள்.

வாயு தீர்ந்தால்? எண்ணெய் தீர்ந்த விளக்குப்போல் அணைந்துவிடும். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. பீறிட்ட வேகத்தில் சூடேறிய சுற்றுப்புற வாயு, பல கோடி ஆண்டுகளில் ஆறும். ஆறியது மறுபடி நடுவில் விழும். விளக்கு மறுபடி எரியும்! பக்கத்து மண்டலம் ஒன்று வந்து கலந்தாலும் புது வாயு கிடைக்கும்.

சில மண்டலங்களில் இதைக் கண்கூடாகவே பார்க்கலாம். வெளியே, பழைய ரேடியோ மேகங்கள் இரண்டு மங்கிக்கொண்டிருக்கும். உள்ளே, புதிதாக இரண்டு கிளம்பிக்கொண்டிருக்கும்.