அடைப்புக்குறியை விரட்டிய அறிஞர்

கணக்கில் அடைப்புக்குறி தவறினால் விடையே மாறிவிடும். அந்தக் குறியே வேண்டாம் என்று வழி கண்டவர், போலந்து நாட்டு அறிஞர் யான் வுகாஷேவிச்.

1878-ல் பிறந்தார். தர்க்க சாஸ்திரத்தில் வல்லவர். வார்சா நகரில் பேராசிரியராக இருந்தார். கூட்டல், பெருக்கல் போன்ற குறியை நடுவில் போடாமல் முன்னால் போட்டால் அடைப்புக்குறி தேவையில்லை என்று 1924-ல் கண்டார்.

1939-ல் போர் மூண்டது. குண்டு விழுந்து அவருடைய வீடும் நூல்களும் எரிந்தன. மனைவியுடன் நாடு விட்டு நாடு அலைந்து, 1946-ல் அயர்லாந்து சேர்ந்தார். 1956-ல் டப்ளின் நகரில் காலமானார்.

பின்னால் வந்தவர்கள் குறியைக் கடைசிக்கு மாற்றினார்கள். 2 3 + 4 × என்றால் விடை 20. எண்களைத் தட்டுகள்போல் அடுக்க வேண்டும். குறி வந்ததும் மேலே உள்ள இரண்டை எடுத்து, விடையை அங்கேயே வைக்க வேண்டும். அவ்வளவுதான்! 'ஃபோர்த்' என்னும் கம்ப்யூட்டர் மொழி இப்படித்தான் வேலை செய்கிறது. மிகச் சிறிய கம்ப்யூட்டருக்கும் அது போதும்.

நூல்களைத் தீ தின்றது. அவர் கண்ட வழி இன்றும் பயன்படுகிறது.