பண்டிதை ரமாபாயின் இருதயம்

இருதயம் என்ற சொல்லை நாம் கல்லூரியில் இரண்டு இடங்களில் கற்றோம். உயிரியல் பாடத்தில் அது நான்கு அறைகள் கொண்ட தசை, அவரவர் கைமுட்டியளவு. காலைப் பிரார்த்தனையிலும் சமய பாடத்திலும் அது வேறொன்று. பழைய ஏற்பாட்டை எழுதிய எபிரேயருக்கு இருதயம் என்பது அன்பும் துக்கமும் தங்கும் இடம் மாத்திரமன்று. மனிதன் சிந்திப்பதும் தீர்மானிப்பதும் பிடிவாதம் கொள்வதும் அங்கேதான். ஆகவேதான் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூல் கல்லான இருதயம் நீக்கப்பட்டுச் சதையான இருதயம் அருளப்படுவதைப் பற்றிப் பேசுகிறது.

நம்மில் வைத்தியத் துறைக்குச் சென்றவர்கள் கல்லான இருதயம் என்பதை வெறும் உவமையாக வாசிப்பதில்லை. சில நோயாளரின் இருதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் வலுவை இழப்பதில்லை. ஆனால் அதன் தசை விறைத்துவிடுகிறது. தளர்ந்து, விரிந்து, தன்னிடம் வரும் இரத்தத்தை ஏற்க அதனால் முடிவதில்லை. கொடுக்க முடிந்தும் வாங்க முடியாத இருதயம் அது. கிறிஸ்தவ வாழ்விலும் இப்படி ஒரு நிலை உண்டு. அதை அறிந்து, அதிலிருந்து மீண்ட ஒரு பெண்ணின் வரலாற்றை இந்த நூற்றாண்டு மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம். அவர் பண்டிதை ரமாபாய்.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23ஆம் திகதி, இன்றைய கர்நாடக மாநிலத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே, மராத்திய பிராமணர், சம்ஸ்கிருத பண்டிதர். பெண்ணுக்குச் சம்ஸ்கிருதம் கற்பிப்பது தகாது என்றிருந்த காலத்தில் அவர் தமது இளம் மனைவி லக்ஷ்மிபாய்க்கு அதைக் கற்பித்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் காட்டில் ஆசிரமம் அமைத்துக் குடியேறினார். பின்னாளில் அந்தத் தாயாரே விடியுமுன் மகளை எழுப்பிச் சுலோகங்களைச் சொல்லிக் கொடுத்தார். பெண் கல்வியால் பயனடைந்த நாமெல்லோரும் அந்த அதிகாலைப் பாடத்தை நன்றியோடு நினைக்க வேண்டும்.

குடும்பச் சொத்துக் கரைந்தபின் யாத்திரையே அவர்களுடைய வாழ்க்கையாயிற்று. தலம் தலமாகச் சென்று புராணம் வாசித்து, கிடைத்த காணிக்கையில் சீவித்தார்கள். 1870களின் நடுப்பகுதியில், சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் அவர்கள் அகப்பட்டார்கள். விரதமிருந்தார்கள், நேர்த்தி வைத்தார்கள், கையிலிருந்ததைத் தானம் செய்தார்கள். கூலி வேலை தெரியாது. பிச்சை கேட்க மனம் வராது. தந்தையார், தாயார், மூத்த சகோதரி என மூவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். எஞ்சிய ரமாபாயும் தமையன் ஸ்ரீநிவாசும் கால்நடையாகவே இந்தியாவின் பெரும்பகுதியைச் சுற்றி, 1878இல் கல்கத்தாவை அடைந்தார்கள். அங்குள்ள அறிஞர்கள் இருபது வயதுப் பெண்ணின் புலமையைச் சோதித்து வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தார்கள்.

பட்டங்கள் வந்தன, உறவுகள் போயின. 1880இல் தமையன் இறந்தார். அதே ஆண்டில் ரமாபாய் தம் சாதியைச் சேராத வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேத்வியைப் பதிவுத் திருமணம் செய்தார். 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பெப்ரவரியில் கணவர் வாந்திபேதியால் இறந்தார். இருபத்துமூன்று வயதில், கைக்குழந்தையுடன், ரமாபாய் விதவையானார்.

விதவை மூலையில் ஒடுங்கியிருக்க வேண்டிய காலம் அது. அவரோ பூனாவுக்குச் சென்று ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். ஹன்டர் கல்வி ஆணைக்குழுவின் முன் தோன்றி, இந்தியப் பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் வைத்தியர்களும் தேவை என்று சாட்சியமளித்தார். தாமும் வைத்தியம் படிக்க வேண்டுமென்று எண்ணி, ஸ்திரீ தர்ம நீதி என்ற தமது மராத்தி நூலின் வருவாயைக் கொண்டு 1883இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அந்த எண்ணம் நிறைவேறவில்லை. அவருடைய காது மந்தமாகிக்கொண்டு வந்தது. வைத்தியக் கல்விக்கு அது தடையாயிற்று. ஒரு வாசல் அடைபட்ட வேளையில் இன்னொன்று திறந்தது. அவர் வான்டேஜ் என்ற ஊரில் அங்கிலிக்கன் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் தங்கியிருந்தார். அந்தச் சகோதரிகள் லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில், வழிதவறியவர்கள் என்று சமூகம் ஒதுக்கிய பெண்களுக்காக ஓர் இல்லம் நடத்தினார்கள். ரமாபாய் அங்கே சென்று பார்த்தார். அப்படிப்பட்ட பெண்களிடத்தில் இரக்கங்காட்டுவதை அவர் அதுவரை எங்கும் கண்டதில்லை. காரணத்தை விசாரித்தபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய வரலாறு அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 1883 செப்டெம்பர் 29ஆம் திகதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆயினும் ரமாபாய் எவர் சொன்னதையும் அப்படியே விழுங்குபவர் அல்லர். திரித்துவம் பற்றியும் திருச்சபையின் அதிகாரம் பற்றியும் மடத்துச் சகோதரிகளோடு நீண்ட விவாதம் நடத்தினார். புலாலுண்ண மறுத்தார். செல்ற்றன்ஹாம் மகளிர் கல்லூரியில், டொரதியா பீல் அம்மையாரின் கீழ், சம்ஸ்கிருதம் கற்பித்துக்கொண்டு கணிதமும் விஞ்ஞானமும் கற்றார். 1886இல் அமெரிக்கா சென்று, தமது உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற விழாவில் கலந்துகொண்டார். தமக்குக் கிட்டாதது இன்னொருத்திக்குக் கிட்டியதைக் கண்டு மகிழ அவரால் முடிந்தது. உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1887இல் வெளிவந்தது. அவருக்கு உதவவெனப் பொஸ்ரனில் ஒரு சங்கம் உருவாயிற்று. 1889 மார்ச் 11ஆம் திகதி, பம்பாயில், இளம் விதவைகளுக்கான சாரதா சதன் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது பூனாவுக்கு மாறியது.

இந்த இடத்தில் நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு ரமாபாயிடம் என்ன குறை தெரிந்திருக்கும்? ஞானஸ்நானம் பெற்றவர்; வேதம் கற்றவர்; தியாகத்துக்கு அஞ்சாதவர்; பிறருக்காகவே உழைப்பவர். ஆனால் அவருக்குள் அமைதி இருக்கவில்லை. கிறிஸ்தவ சமயத்தைக் கண்டடைந்தேனே தவிர அந்தச் சமயத்தின் உயிரான கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்ற உணர்வு அவரை வாட்டிற்று. கிறிஸ்தவம் அவருடைய அறிவுக்கு ஏற்புடையதாக இருந்தது. அதன் நற்செயல்கள் அவரைக் கவர்ந்தன. தாம் பாவி என்பதும், தமக்கும் மன்னிப்பு வேண்டும் என்பதும், அது விலையின்றிக் கிடைக்கிறது என்பதும் இருதயத்தில் இறங்கவில்லை.

அக்காலத்தில் வில்லியம் ஹஸ்லம் என்பவரின் வாழ்க்கை வரலாறு அவர் கைக்குக் கிடைத்தது. ஹஸ்லம் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் அங்கிலிக்கன் குரு. 1851இல், பிரசங்க பீடத்தில் நின்று பிரசங்கித்துக்கொண்டிருக்கையிலேயே, தாம் போதிக்கும் விசுவாசம் தமக்குள் இல்லை என்று உணர்ந்து மனந்திரும்பியவர். போதகரே மனந்திரும்ப வேண்டியிருந்த அந்த வரலாறு ரமாபாயைத் தைத்தது. வேதாகமத்தை மீண்டும் புதிதாக வாசித்தார். 1891இல், ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகளின் பின், புலமையையோ நற்செயலையோ முன்வைக்காமல் வெறுங்கையோடு நின்று கடவுளின் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டார். அன்று தமக்குக் கிடைத்த மகிழ்ச்சியையும் சமாதானத்தையும் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசினார், எழுதினார். நற்செயல்களை அவர் கைவிடவில்லை. அவற்றைக் கொண்டு கடவுளிடம் கணக்குத் தீர்க்கும் எண்ணத்தையே கைவிட்டார்.

இருதயத்தின் மாற்றம் புகழைக் கொண்டு வரவில்லை. சோதனையைக் கொண்டு வந்தது. சாரதா சதனில் சமயக் கட்டாயம் இராது என்று அவர் உறுதியளித்திருந்தார். தம் அறைக் கதவைத் திறந்து வைத்து மகளோடு ஜெபித்தார்; சில மாணவிகள் தாமாகவே வந்தமர்ந்தனர். 1893இல் இது பூனாவில் பெரும் சர்ச்சையாயிற்று. ரானடே, பண்டார்கர் போன்ற மதிப்புக்குரிய பெரியவர்கள் ஆலோசனைச் சபையிலிருந்து விலகினர். பெற்றோரும் பாதுகாவலரும் பல பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். எமது சங்கத்தில் சைவச் சகோதரிகளும் கிறிஸ்தவச் சகோதரிகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். ஆகையால் இந்தச் சர்ச்சையின் இரு பக்கங்களும் எமக்கு விளங்கும். தம் பிள்ளை தம்மை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் பெற்றோருக்கு இயல்பானது. தாம் பெற்ற மகிழ்ச்சியைக் கதவடைத்து ஒளித்து வைப்பது ரமாபாய்க்கு இயலாதது. இருதயம் எவராலும் வற்புறுத்தித் திறக்க முடியாத வாசல் என்பதையும் இந்நிகழ்ச்சி எமக்கு நினைவூட்டுகிறது.

அதன்பின் வந்த ஆண்டுகளிலேயே அந்த இருதயம் எவ்வளவு விரிந்திருந்தது என்பது தெரிய வந்தது. 1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் மூண்டது. தாய் தந்தையைப் பஞ்சத்தில் பறிகொடுத்தவருக்கு அந்தக் காட்சிகளை மறுபடி காண்பது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! ஆயினும் புறப்பட்டுச் சென்றார். ஏறக்குறைய 300 பெண்களையும் சிறுமிகளையும் மீட்டு வந்தார். சாரதா சதன் உயர்சாதி விதவைகளை மனதிற்கொண்டு தொடங்கியது. இப்போது வந்தவர்கள் பல சாதியினர், எலும்பும் தோலுமானவர்கள், நோயாளிகள். அவர்களுக்காகப் பூனாவுக்கு அப்பால் கேட்காவ் என்ற இடத்தில், முன்னரே வாங்கியிருந்த நிலத்தில், முக்தி என்ற இல்லம் எழுந்தது. குஜராத் பஞ்சத்தின்போது மேலும் பலர் வந்து சேர, அங்கிருந்தோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. நெசவு, தோட்டம், எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோர்த்தல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் பழக்கப்பட்டது. பார்வையற்ற பெண்களுக்குப் பிறெயில் எழுத்துக் கற்பிக்கப்பட்டது.

அந்த வளாகத்தில் கிருபா சதன் என்றொரு பகுதி இருந்தது. ஃபுல்ஹாமில் அவர் கண்டது போன்ற, சமூகம் தள்ளிவிட்ட பெண்களுக்கான வீடு அது. சமாரியப் பெண்ணின் கதையை முதலில் கேட்டவர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், அந்தப் பெண்ணுக்கே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

1905இல் முக்தியில் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. நூற்றுக்கணக்கான பெண்கள் அழுது ஜெபித்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. கண்ணீர் விரைவில் காய்வது என்பதை நாம் அறிவோம். ஆனால் மறுநாள் அந்தப் பெண்கள் நோயாளிகளைக் கழுவவும் மாவரைக்கவும் அயற்கிராமங்களுக்குச் செல்லவும் எழுந்தார்கள். விசுவாசத்தில் இருதயத்தின் நிலையை அறிய இதைவிட நம்பகமான பரிசோதனை எமக்குத் தெரியாது.

தம் கடைசி ஆண்டுகளை ரமாபாய் வேதாகமத்தை எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து எளிய மராத்திக்கு மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். கிராமத்துப் பெண் வாசித்து விளங்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். முக்தியின் அச்சகத்தில் அந்தப் பெண்களே அதை அச்சிட்டார்கள். 1921இல், தமக்குப் பின் பொறுப்பேற்பாள் என்று நம்பியிருந்த மனோரமா இறந்தார். தாய் அந்தத் துயரையும் சுமந்துகொண்டு மொழிபெயர்ப்பை முடித்தார். 1922 ஏப்ரல் 5ஆம் திகதி கண்மூடினார். முக்தி இல்லம் இன்றும் இயங்குகிறது.

இந்த மலர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் எமது சகோதரிகளின் கைகளை அடையும். நாம் கொடுக்கப் பழகியவர்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், ஊருக்கும் கோயிலுக்கும், கல்லூரியின் ஒவ்வொரு நிதிக்கும் கொடுக்கிறோம். யுத்த காலத்தில் தாங்கிப் பிடித்துப் பழகிய கைகள் இன்னும் இறுகியே இருக்கின்றன. ஆறுதலை, மன்னிப்பை, ஓய்வைப் பெற்றுக்கொள்வதுதான் எமக்குக் கடினம். சமய பாடத்தில் அதிவிசேட சித்தி பெற்றவர்களுக்கும், திடப்படுத்தல் ஆராதனையில் வெள்ளை உடுத்து முழந்தாளிட்டவர்களுக்கும் இது பொருந்தும். ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றபின் எட்டு ஆண்டுகள் அப்படியே உழைத்தார். பிறகு ஒருநாள் வெறுங்கையை நீட்டினார். அன்று நிறைந்த இருதயத்திலிருந்தே ஆயிரம் பேருக்கு இடம் பிறந்தது. கொடுத்துக் களைத்த எமது சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் அந்த நிறைவு கிட்ட வேண்டும் என்பதே, சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், எமது பிரார்த்தனை.