பார்த்துத் தெளிந்த பேரறிஞர்

கோழி முட்டைக்குள் குஞ்சு எவ்வாறு உருவாகிறது? இக்கேள்விக்கு விடை காண இன்று நுண்ணோக்கிகளும் நூல்களும் நமக்கு உதவுகின்றன. ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டில் வாழ்ந்த ஓர் அறிஞரிடம் இத்தகைய கருவிகள் எவையும் இல்லை. அவர், அடைகாக்கப்பட்ட முட்டைகளை வெவ்வேறு நாள்களில் உடைத்துப் பார்த்தார். மூன்று நாள்கள் கழிந்ததும் வெண்கருவில் ஒரு சிறு இரத்தப் புள்ளி தென்பட்டது. அது உயிருள்ளதைப் போலத் துடித்தது. அதுவே குஞ்சின் இதயம் என்று அவர் எழுதி வைத்தார். அவர்தாம் அரிஸ்டாட்டில்.

அரிஸ்டாட்டில் கி.மு. 384ஆம் ஆண்டு, வட கிரேக்கத்தில் உள்ள ஸ்டாகிரா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை நிக்கோமாக்கஸ், மாசிடோனிய மன்னரின் மருத்துவராகப் பணியாற்றியவர். அரிஸ்டாட்டில் இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். 17 வயதானபோது அவர் ஏதென்ஸ் நகருக்குச் சென்று, அறிஞர் பிளேட்டோ நடத்திய அக்கடமி என்னும் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே 20 ஆண்டுகள் தங்கி, முதலில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் விளங்கினார்.

அவருக்கு முன்பே தேலிஸ் போன்ற கிரேக்க அறிஞர்கள், இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கையிலேயே காரணம் தேடத் தொடங்கியிருந்தனர். எனினும், உண்மையை எந்த வழியில் அறிவது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. கண்ணும் காதும் நம்மை ஏமாற்றக்கூடியவை. எனவே, நிலையான உண்மையைச் சிந்தனையால் மட்டுமே அறிய முடியும் என்று பிளேட்டோ கற்பித்தார். அரிஸ்டாட்டிலோ, நம்மைச் சுற்றியுள்ள பொருள்களைக் கூர்ந்து கவனிப்பதிலிருந்துதான் அறிவு தொடங்குகிறது என்று எண்ணினார்.

தம்மை வளர்த்து ஆளாக்கிய ஆசிரியரின் கருத்தை மறுப்பது எளிதன்று. ஆசிரியரிடம் அரிஸ்டாட்டில் பேரன்பு கொண்டிருந்தார். ஆயினும், நண்பர்களும் உண்மையும் நமக்கு அன்புக்குரியவை என்றாலும், உண்மைக்கே முதலிடம் தர வேண்டும் என்று அவர் பின்னாளில் தமது நூலில் எழுதினார்.

கி.மு. 347ஆம் ஆண்டளவில் பிளேட்டோ காலமானார். அதன்பின் அரிஸ்டாட்டில் ஏதென்ஸை விட்டு வெளியேறினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு லெஸ்போஸ் என்னும் தீவில் தங்கினார். அத்தீவின் நடுவே கடல்நீர் புகுந்த பெரிய உப்பங்கழி ஒன்று உள்ளது. அங்கு வாழ்ந்த மீன்களையும் கணவாய்களையும் அவர் ஆராய்ந்தார். மீனவர்களிடமும் தேனீ வளர்ப்போரிடமும் கேட்டுத் தகவல் திரட்டினார். உயிரினங்களின் உடலை அறுத்து, உள்ளுறுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்.

டால்பின் கடலில் நீந்துவதால் அதனையும் மீன் என்றே பலரும் எண்ணுவர். அது காற்றைச் சுவாசிக்கிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது என்பதைக் கவனித்த அரிஸ்டாட்டில், அதனை மீன்களிலிருந்து பிரித்து வேறு வகையில் சேர்த்தார். இவ்வாறு சுமார் 500 வகை உயிரினங்களைப் பற்றிய செய்திகளைத் தம் நூல்களில் தொகுத்தார்.

கி.மு. 343ஆம் ஆண்டு மாசிடோனிய மன்னர் பிலிப், தம் மகனுக்குக் கல்வி புகட்ட அரிஸ்டாட்டிலை அழைத்தார். அப்போது 13 வயதுச் சிறுவனாக இருந்த அம்மாணவனே பிற்காலத்தில் மாவீரர் அலெக்சாண்டர் எனப் புகழ்பெற்றார். கி.மு. 335ஆம் ஆண்டு அரிஸ்டாட்டில் ஏதென்ஸுக்குத் திரும்பி, லைசியம் என்னும் இடத்தில் சொந்தமாகக் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

அவருடைய ஆராய்ச்சி வெளியுலகோடு நின்றுவிடவில்லை. மனித மனத்தையும் அவர் ஆராய்ந்தார். உயிரும் உடலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று விளக்கினார். ஒரு நினைவு எப்படி இன்னொரு நினைவை எழுப்புகிறது என்றும் ஆராய்ந்தார். ஒத்தவை, எதிரானவை, அருகருகே இருந்தவை ஆகியன ஒன்றையொன்று நினைவூட்டும் என்று கண்டறிந்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் தோன்றிய உளவியல் துறை இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தது.

அவர் எழுதிய ஒரு சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். சுட்டுவிரலின்மேல் நடுவிரலைக் குறுக்காக வையுங்கள். கண்களை மூடிக்கொண்டு, அவ்விரு விரல் நுனிகளுக்கும் இடையில் ஒரு பட்டாணியை உருட்டுங்கள். இரண்டு பட்டாணிகள் இருப்பதைப் போலத் தோன்றும். கண்களைத் திறந்தால் ஒன்றுதான் இருக்கும்! புலன்கள் ஏமாற்றும் என்று பிளேட்டோ சொன்னதில் உண்மை இருந்தது. அதற்காகப் புலன்களை ஒதுக்கிவிடாமல், அவை எப்போது ஏமாற்றுகின்றன என்பதையும் அரிஸ்டாட்டில் சோதித்துப் பார்த்தார்.

கி.மு. 323ஆம் ஆண்டு அலெக்சாண்டர் இறந்ததும், மாசிடோனியர்மீது ஏதென்ஸ் மக்களுக்கு இருந்த வெறுப்பு வெளிப்பட்டது. அரிஸ்டாட்டில் கடவுளரை அவமதித்தார் என்று குற்றம் சாட்டப்பட்டார். முன்பு சாக்ரட்டீஸ் இதே போன்ற குற்றச்சாட்டினால்தான் நஞ்சருந்தி உயிர்விட நேர்ந்தது. அரிஸ்டாட்டில் தம் கல்விக்கூடத்தை விட்டுவிட்டுக் கால்சிஸ் என்னும் ஊருக்குச் சென்றார். மறு ஆண்டே அங்கு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 62.

அரிஸ்டாட்டில் சொன்னவை எல்லாம் சரியானவை அல்ல. முட்டைக்குள் முதலில் துடித்தது இதயம் என்பதை அவர் சரியாகவே பார்த்தார். ஆனால், இதயமே முதலில் தோன்றுவதால் உணர்வுக்கும் அதுவே இருப்பிடம் என்று முடிவு செய்தார். மூளை உடலின் வெப்பத்தைத் தணிக்கும் உறுப்பு என்றும் கருதினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன் இதனை மறுத்தார். அவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளை அறுத்ததும் அதன் குரல் அடங்கியது. இத்தகைய சோதனைகளால், உடலை இயக்குவது மூளையே என்று அவர் காட்டினார்.

கனமான பொருள் விரைவாக விழும் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தும் தவறானதே. ஆயினும், பெரியவர் சொன்னது என்பதற்காகவே பலர் அதனை நெடுங்காலம் நம்பினர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிப் பார்த்து ஆராய்ந்த பின்னரே அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

இவ்வாறு திருத்தப்படுவதை அரிஸ்டாட்டில் தவறாக எண்ணியிருக்க மாட்டார். தேனீக்கள் எவ்வாறு இனப்பெருக்கம் செய்கின்றன என்பதை ஆராய்ந்தபோது, அதற்குரிய செய்திகள் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அவை என்றேனும் கிடைத்தால், வாதங்களைவிட நேரில் கண்டதையே மேலாக நம்ப வேண்டும் என்றும் எழுதினார். அவருடைய சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்களால் அறிவியல் வளரவில்லை. அவரைப் போலவே தாமும் முட்டையை உடைத்துப் பார்க்கத் துணிந்தவர்களால்தான் அது வளர்ந்தது.