மூன்று மரணங்களும் ஒரு மருத்துவமனையும்
டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வாழ்வு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அறியாதவர் நம்மில் இலர். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் பல நாள் ரயில் பயணம் செய்து வந்து சேரும் இடம் அது. சிகிச்சை, மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி ஆகிய மூன்றும் கைகோத்து நடக்கும் அந்நிறுவனத்தை உருவாக்கியவர் ஒரு பெண்மணி. அவரது வாழ்வை நாம் அறிந்துகொள்வது பயன் தரும்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியர் குடும்பம் அது. பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவர்கள். எனினும் பஞ்சத்தையும் பிணியையும் சிறு வயதிலேயே கண்ட ஐடாவுக்கு இந்தியாவில் வாழும் எண்ணம் இருக்கவில்லை. அமெரிக்காவில் படிப்பை முடித்த அவர், நோயுற்ற தாயாரைக் கவனிப்பதற்காகவே 1890ஆம் ஆண்டு திண்டிவனம் வந்தார்.

அங்கு ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூவர் அவரது வீட்டு வாசலுக்கு வந்தனர். ஒருவர் பிராமணர், மற்றொருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மருத்துவரான தன் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா வேண்டினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்களைப் பார்ப்பதற்கு மூவருமே இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். மருத்துவர் இருந்தும், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் மாண்ட உயிர்கள் அவை. தாமே மருத்துவராவது என்று ஐடா முடிவெடுத்தார்.

1899இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்தார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை எழுந்தது. வர இயலாத கிராம மக்களைத் தேடி, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளிலும் மருந்து வழங்கினார்.

ஒருவர் எத்துணை உழைத்தாலும் எத்தனை பேரைக் காப்பாற்ற இயலும்? நம் நாட்டுப் பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக்குவதே வழி என அவர் உணர்ந்தார். 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பெண்கள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளே ஐயுற்றனர். 151 விண்ணப்பங்கள் வந்தன. முதல் அணியில் 14 பேர் 1922இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர்.

1938இல் புதிய சோதனை வந்தது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகவே இருத்தல் வேண்டும் என அரசு விதித்தது. அதற்குரிய பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் படுக்கைகளும் அப்போது இல்லை. பள்ளி மூடப்படும் அபாயம் நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் 1941இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது, 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய மருத்துவமனையின் பயன் யாது என்பதற்குத் தொழுநோய் ஓர் எடுத்துக்காட்டு. அந்நோயாளிகளின் கைவிரல்கள் மடங்கிச் செயலிழப்பது நரம்புப் பாதிப்பினால் என்பதையும், வலியுணர்வு அற்றுப்போவதால் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதையும் டாக்டர் பால் பிராண்ட் அங்கு ஆராய்ந்து கண்டார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, முடங்கிய கைகளை 1948 முதல் இயங்கச் செய்தார். நோயாளியிடம் எழுந்த வினா ஆராய்ச்சியாயிற்று, ஆராய்ச்சி சிகிச்சையாயிற்று, மாணவர்க்குப் பாடமாகிப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. 1971இல் இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்கும் அங்கேயே வழி திறந்தது.

பொறுப்புகளை இந்தியரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்ற அம்மையார், 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத அவர், வேலூர் மக்களையே தம் குடும்பமாகக் கொண்டார்.

அவர் வேறு சமயத்தவர். ஆயினும் அன்று இறந்த மூவரில் ஒருவர் நம் சமுதாயப் பெண் என்பதை நாம் மறத்தலாகாது. நம் பெண்களைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்று இன்றும் விரும்புகிறோம். அவ்விருப்பம் நியாயமானதே. ஆனால் அந்த மருத்துவர் எங்கிருந்து வருவார்? யாரோ ஒருவர் தம் மகளைப் படிக்க வைத்திருந்தால் மட்டுமே வருவார். பள்ளியிறுதி வகுப்போடு மகளின் கல்வியை நிறுத்த எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். மருத்துவம், செவிலியம், ஆய்வுக்கூடப் பயிற்சி ஆகியவற்றுக்குத் தகுதியுள்ள பெண்மக்களின் கட்டணச் சுமையில் பங்கேற்க வசதியுள்ளோர் முன்வர வேண்டும். நம் பெண்மக்களுள் ஒருத்தி மருத்துவராக உயர்ந்தால், அவளால் காக்கப்படும் உயிர்கள் ஏராளம்.