கிருமியை வேலை வாங்கிய விஞ்ஞானி!

இஸ்ரேல் நாட்டின் முதல் ஜனாதிபதி கைம் வைஸ்மன். அவர் ஒரு ரசாயன விஞ்ஞானி என்பது பலருக்குத் தெரியாது.

1874-ல் ரஷ்யப் பேரரசில், மோட்டல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மர வியாபாரி. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் படித்தார். 1904-ல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்தார்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. பீரங்கிக்கான வெடிமருந்து செய்ய 'அசிட்டோன்' என்ற திரவம் தேவை. அதுவரை மரத்தைச் சுட்டுத்தான் அதை எடுத்தார்கள். கிடைத்ததோ கொஞ்சம்! பிரிட்டன் திண்டாடியது.

வைஸ்மன் கைகொடுத்தார். தோசை மாவு இரவில் புளிக்கிறதல்லவா? அதுபோல, மக்காச்சோளக் கூழை ஒரு கிருமியைக் கொண்டு புளிக்க வைத்தார். அதைக் காய்ச்சி வடித்தால் அசிட்டோன்! சாராய ஆலைகளில் வேலை மும்முரமாக நடந்தது.

1917-ல் புதுச் சிக்கல். ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. தானியம் அருகியது. இருப்பது ரொட்டிக்கா, வெடிமருந்துக்கா?

அப்போதுதான், மனிதர் தின்ன உதவாமல் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த 'ஹார்ஸ் செஸ்ட்நட்' கொட்டைகள் நினைவுக்கு வந்தன. பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகப் பொறுக்கித் தந்தார்கள். எதற்கு என்பது ரகசியம்!

எதிர்பார்த்த அளவு அசிட்டோன் கிடைக்கவில்லை. ஆனால் வழி தெரிந்தது.

1949-ல் ஜனாதிபதியான வைஸ்மன், 1952-ல் காலமானார். அந்தக் கிருமி இனத்தைக் கொண்டு வைக்கோல், பழத்தோல் போன்ற கழிவிலிருந்து ரசாயனம் எடுக்க இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது.

சோற்றில் கை வைக்காமல், கழிவைக் காசாக்கும் வழி அது!