யாழுக்கு மீண்டும் குரல் தந்தவர்



கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருது, நிந்தவூர் என்னும் முஸ்லிம் ஊர்களுக்கு இடையே அமைந்துள்ளது காரைதீவு. 1892ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று அங்கே பிறந்த மயில்வாகனனே பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் எனப் புகழ்பெற்றார். அவர் இந்துத் துறவி. ஆயினும் அவரது வாழ்வு நமக்கும் ஒரு பாடம் புகட்டுகிறது.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு ஏற்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இத்தனை பணிகளுக்கும் நடுவே அவர் உள்ளத்தில் ஓர் ஏக்கம் இருந்தது. பழந்தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் துணைகொண்டு, நரம்புகளின் சுருதி அளவுகளைக் கணிதத்தால் ஆராய்ந்து, ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்து ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை எழுதி முடித்தார்.

எழுதியதை ஏட்டோடு வைத்துவிடவில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், 1947ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அந்நூல் அரங்கேறியது. அவர் கணித்த அளவுகளின்படி செய்யப்பட்ட யாழ்கள் அறிஞர்கள் முன்னிலையில் இசைக்கப்பட்டன. உடல்நலம் குன்றியிருந்த அவர், சரியாக 44 நாட்களுக்குப் பின், ஜூலை 19 அன்று கொழும்பில் மறைந்தார். அரங்கேற்றம் சில வாரங்கள் தள்ளிப்போயிருந்தால், அந்த இசையை அவர் காதுகள் கேட்டிரா.

அன்புக்குரியவர்களே, நம் இல்லங்களிலும் பாடகர் குழுக்களிலும் இசை வரம் பெற்றோர் பலர் உள்ளனர். தாமே இயற்றி மெட்டமைத்த பாடல் குறிப்பேட்டிலேயே உறங்கிக் கிடக்கும். இன்னும் திருத்த வேண்டும், பிறர் நகைப்பார்களோ, என்ற தயக்கமே காரணம். தாலந்தை மண்ணில் புதைத்த பணியாளனைத் தடுத்ததும் அச்சமே அன்றோ?

திருத்துவதற்கு ஒரு காலம் உண்டு. நிறைவு செய்து பிறர் கையில் ஒப்படைப்பதற்கும் ஒரு காலம் உண்டு. உங்கள் பிள்ளை ஒரு பாடல் எழுதியிருந்தால், இன்றிரவு குடும்பச் செபத்திற்குப் பின் அதைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் குறிப்பேட்டையும் திறந்து பாருங்கள். வரம் தந்த இறைவன், அதை வெளியே கொணரும் துணிவையும் தருவாராக.