கலைப்புலவர் ஆனந்த குமாரசுவாமி

திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலையை அடுத்துளது எம்மூராகிய கொடும்பாளூர். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலுள் இன்று நிற்பன இரண்டே. வடபாலதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியது. இளமையில் யான் அக்கோயிலின் நிழலில் விளையாடினேனன்றி, அக்கற்களை நோக்கினேனல்லேன். கடல்கடந்து வந்தார் சிலர் அவற்றின்முன் நெடும்பொழுது நிற்றலைக் கண்ட பின்னரே, இவர்க்கு இவற்றை நோக்கக் கற்பித்தார் யாவர் என்னும் வினா எழுந்தது. அவ்வாறு கற்பித்தாருள் தலையாயவர் ஒரு தமிழர்தம் மைந்தர்.

ஆனந்த குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். தந்தையார், அரிச்சந்திரன் கதையை 1863-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சர் முத்துக்குமாரசுவாமி. அன்னையார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. மகவுக்கு இரண்டாண்டு நிரம்புமுன்னரே தந்தையார் காலமானார். இங்கிலாந்தில் வளர்ந்த மைந்தர் பயின்றது நிலநூல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராயிருந்து, தோரியனைட்டு என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தார். கல்லைத் தேடி ஊர்தோறும் திரிந்தவர் கண்ணிற் பட்டதோ கைவினைஞரின் தொழில் மாய்ந்துவரும் நிலை. சிங்களக் கலையைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், வில்லியம் மாரிஸ் முன்பு கையாண்ட அச்சுப்பொறியிலேயே, அவர்தம் மேற்பார்வையில் 1908-இல் அச்சேறியது. படிகள் 425 மட்டுமே.

பின்னர் இந்தியாவிற் போந்து இராசபுத்திர ஓவியங்களை ஈட்டினார். காசியில் ஒரு பொருட்காட்சிச்சாலை அமைப்பின் அவற்றை அளிப்பதாகக் கூறினார், கேட்பார் இலர். முதல் உலகப் போரிற் படையிற் சேர மறுத்தமையால் இங்கிலாந்தும் அவர்க்கு உவப்பான இடமாகவில்லை. 1917-இல் அவ்வோவியங்கள் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையை அடைந்தன. அவரும் அவற்றின் காப்பாளராய் அங்கேயே அமர்ந்தார்.

அச்சாலையில் ஜப்பானியக் கலைக்கு முன்னரே நல்லிடம் இருந்தது. ஒககுரா ககுசோ என்னும் ஜப்பானிய அறிஞர் அங்கே பணியாற்றி 1913-இல் மறைந்தார். ஹொக்குசாய் 1814 முதல் 'மாங்கா' எனப் பெயரிட்டு வெளியிட்ட சித்திர ஏடுகளை மேனாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விரும்பிக் கொண்டனர். நம் திருவுருவங்களுக்கோ அந்நல்வரவு இல்லை. பல கைகளையுடைய வடிவங்களை அரக்க வடிவம் என இகழ்ந்தார் பலர். இவ்விகழ்ச்சியை மாற்றக் குமாரசுவாமி கையாண்ட கருவி யாதெனின், நம் தமிழேயாம். சித்தாந்த தீபிகை என்னும் சஞ்சிகையில் 1912-இல் வெளிவந்து, 1918-இல் நூலொன்றிற்குத் தலைப்பும் ஆகிய கூத்தப்பிரானைப் பற்றிய கட்டுரையில், திருமூலரையும் உண்மை விளக்கத்தையும் சான்றாக நிறுத்தி, துடியும் தீயும் தூக்கிய திருவடியும் குறிப்பன இவை என விளக்கினார். தமிழ் மாணவராகிய நாம் தேர்வுக்கெனப் புரட்டும் ஏடுகள், பாஸ்டன் நகரத்தார்க்குக் கண் திறந்தன!

எனினும், வழிபாட்டிற்கும் பயன்பாட்டிற்கும் ஆகிய பொருள்கள் கண்ணாடிப் பேழைக்கெனச் செய்யப்பட்டன அல்ல என்று இறுதிவரை வற்புறுத்தியவரும் அவரே. அங்ஙனமாயின் காட்சிச்சாலையில் ஊதியம் பெற்றது முரணன்றோ? முரணே என்று யான் முதலில் எண்ணினேன். இடம்பெயர்ந்த பொருளுக்கு அதன் பிறப்பையும் பயனையும் எடுத்துரைப்பார் ஒருவரேனும் அருகிருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்தென இப்பொழுது கொள்கின்றேன். 1934-இல் வெளிவந்த நூலில், எக்கார்ட்டு என்னும் இடைக்காலக் கிறித்தவ ஞானியின் கலைக்கொள்கையை இந்திய நூல்களோடு ஒப்பவைத்து ஆராய்ந்தார். கிறித்தவனாகிய யான் மூவர் கோயிலின்முன் அயலானாய் நிற்க வேண்டுவதில்லை என்று துணிந்தது அந்நூலைப் பற்றி அறிந்த நாளில்.

எழுபதாம் பிறந்தநாளின்பின் இந்தியாவிற்கு மீண்டு, எஞ்சிய வாழ்நாளை அமைதியிற் கழிக்க விழைந்தார். அப்பிறந்தநாள் கழிந்த பதினெட்டாம் நாள், 1947 செப்டம்பர் 9-இல், பாஸ்டனை அடுத்த நீதாம் என்னும் ஊரில் அவர்தம் உயிர் பிரிந்தது.